கண்ணாடித் தட்டு எடை மெஷின்: ஆறு மாசத்துக்கு உதவும், ஆறு நாளுக்கு உதவாது

நாலு மூலையிலும் ரப்பர் கால், மேலே கண்ணாடித் தட்டு, ஏறி நின்றால் வெளிச்சத்தில் எண். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற இந்த டிஜிட்டல் எடை மெஷின், வட சென்னையில் திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை மிக்சி, குக்கர் மாதிரி வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. வாங்கின இரண்டாம் மாசமே கட்டிலுக்கடியில் தள்ளப்படுகிற சாமானும் இதுதான். மெஷின் கெட்டுப்போய் அல்ல. அதற்குத் தெரியாத ஒன்றை அதனிடம் தினமும் கேட்பதால்.

மெஷின் காட்டுவது உடம்பின் மொத்த கனம். நேற்று ராத்திரி தின்ற சோறு, குடித்த தண்ணி, கருவாட்டு உப்பு பிடித்து வைத்திருக்கிற நீர், இன்னும் வெளியே போகாத மலம் எல்லாம் அதில் சேர்த்தி. இதெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். உருப்படியாக எடை குறைக்கிறவர் உடம்பில் கொழுப்பு கரைவதோ வாரத்துக்கு 200 முதல் 500 கிராம். ஆட்டம் பெரிசு, நகர்வு சின்னது. அந்தச் சின்ன நகர்வை இந்த மெஷினால் காட்ட முடியுமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. முடியும். ஆனால் வைக்கிற இடம், ஏறுகிற நேரம், எழுதி வைக்கிற விதம் மூன்றும் சரியாக இருந்தால்தான்.

முதலில் மெஷினைப் பார்ப்போம். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு லோட் செல் இருக்கிறது. நீங்கள் ஏறினதும் உள்ளே இருக்கிற உலோகத் துண்டு மயிரிழை அளவு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கிற மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. நாலு காலின் மாற்றத்தையும் கூட்டிக் கிலோவாகக் காட்டுகிறது. ஆகவே நாலு காலும் கெட்டியான தரையில் ஒரே மாதிரி பதிய வேண்டும். டைல்ஸ் இணைப்பின் மேல் ஒரு கால், பாயின் ஓரத்தில் ஒரு கால் என்று இருந்தால் எண் தப்பு. பழைய சிவப்புச் சிமெண்ட் தரையில் பள்ளம் மேடு கண்ணுக்குத் தெரியாது. தட்டின் ஒவ்வொரு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள்; 'டக்' என்று ஆடினால் அந்த இடம் வேண்டாம். ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடி அழுத்துங்கள். ஆடாத இடம் கிடைத்ததும் நாலு காலைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். பத்துக்குப் பத்து ரூமில் மெஷினைத் தினமும் எடுத்து வைக்கத்தான் வேண்டியிருக்கும். திரும்ப அதே கோட்டுக்குள் வைத்தால் போதும்.

சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்த மெஷினைக் கீழே வைத்த உடனே ஏறிக் கிடைக்கிற முதல் எண்ணை நம்பாதீர்கள். நகர்த்தின பிறகு அது தன் பூஜ்யத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தடவை காலால் அழுத்தி, 0.0 வந்து, தானே அணையும் வரை விடுங்கள். பிறகு ஏறி வருவதுதான் கணக்கு.

இனி, பெட்டியில் எழுதாத ஒரு தந்திரம். மூன்று முறை ஏறி இறங்குகிறீர்கள், மூன்று முறையும் 78.2. 'அடேயப்பா, என்ன துல்லியம்' என்று தோன்றும். விலை குறைந்த மெஷின்கள் சிலவற்றில் கடைசி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது. புதிய எடை பழையதிலிருந்து சில நூறு கிராம் மட்டும் விலகினால், பழைய எண்ணையே திருப்பிக் காட்டிவிடும். வாடிக்கையாளர் 'ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டுது' என்று கடைக்குத் திரும்ப வராமலிருக்க இந்த வேலை. மெதுவாக எடை குறைக்கிறவருக்கு இதுதான் பெரிய எதிரி. 200 கிராம் குறைந்ததை மெஷின் விழுங்கிவிடும், நாலு நாள் கழித்துத் திடீரென்று அரை கிலோ இறக்கிக் காட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, அணைந்ததும், ஒரு டம்ளர் நிறையத் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். 200 மில்லி தண்ணி 200 கிராம், டம்ளர் கனம் தனி. குறைந்தது 0.2 கூட வேண்டும். அசையாமல் பழைய எண்ணே வந்தால் அது ஞாபக மெஷின்தான். திருப்பித் தர முடிந்தால் தந்துவிடுங்கள். முடியாவிட்டால், தினமும் முதலில் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி இறங்குங்கள். அதன் பிறகு வெறும் ஆளாக ஏறினால், ஞாபகத்தில் இருப்பதற்கும் உங்கள் எடைக்கும் 5 கிலோ வித்தியாசம் இருப்பதால் பொய் சொல்ல வழியில்லை.

துல்லியத்தையும் அதே அரிசிப் பையால் பார்க்கலாம். சீல் பிரிக்காத 10 கிலோ பையோடு ஏறினால் வெறும் எடையைவிட 10 கிலோவும் பையின் சில கிராமும் கூட வர வேண்டும். அரை கிலோவுக்கு மேல் பிசகினால் வேறு மெஷின் கேளுங்கள். 200, 300 கிராம் எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகினால் கவலைப்பட வேண்டாம். எடை குறைகிறதா என்று பார்க்க, தினமும் அதே தப்பைச் செய்கிற மெஷினே போதும்.

முள் ஓடுகிற பழைய ஸ்பிரிங் மெஷினை இதற்குப் பரிந்துரைக்க முடியாது. ஒரு கோடு ஒரு கிலோ. குனிந்து பார்க்கிற கோணம் மாறினால் எண்ணும் மாறும். மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிற மெஷின் பரவாயில்லை, ஆனால் அதில் செருப்போடு, சாயங்காலம், வயிறு நிறைய ஏறுகிறோம். காலையில் வீட்டில் பார்க்கும் எண்ணைவிட ஒன்றரை, இரண்டு கிலோ கூடக் காட்டினால் ஆச்சரியமில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, அதே மெஷின், அதே கிழமை, அதே நேரம் என்றால் அதுவும் உதவும். காசு மிச்சம்.

எப்போது ஏறுவது? தூங்கி எழுந்து, டாய்லெட் போய்விட்டு, காபி குடிக்கும் முன். வெறுங்கால், அதே மாதிரி துணி. ஜீன்ஸ் மட்டுமே அரை கிலோ தாண்டும். லுங்கியும் நைட்டியும் அதில் பாதிகூட வராது. பல குடித்தனம் சேர்ந்திருக்கிற ஸ்டோர் வீடுகளில் பொது டாய்லெட்டுக்கு வரிசை நிற்கிறவர்கள், வரிசையில் நிற்கும் முன்பே ஏறி முடித்துவிடுகிறார்கள். அது வேண்டாம், போய்வந்து ஏறுங்கள். துறைமுகத்திலும் மணலி கம்பெனிகளிலும் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குக் காலை என்பது கடிகாரத்தில் இல்லை. நீண்ட தூக்கம் முடிந்து எழுகிற நேரம்தான் காலை. நைட் ஷிப்ட் வாரத்து எண்ணையும் டே ஷிப்ட் வாரத்து எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். நைட் ஷிப்டை முந்தின நைட் ஷிப்டோடு பாருங்கள்.

இப்போது இலக்கு. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம்: உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ, வயது நாற்பதைத் தாண்டிய பெண்மணி. எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற பிஎம்ஐ (உடல் எடைக் குறியீடு) 32.5. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்பது 2009இல் இங்குள்ள மருத்துவர்கள் ஒருமித்து வெளியிட்ட அளவு. மெஷினோடு வரும் ஆப்புகளில் பல, 25 வரைக்கும் 'நார்மல்' என்று பச்சை காட்டும். அது வெளிநாட்டு அளவுகோல். நம் அளவில் 155 சென்டிமீட்டருக்கு 23 என்றால் 55 கிலோ. இந்தப் பெண்மணி 23 கிலோ குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: மூணாம் வாரம் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும்.

முதல் இலக்கு 5 சதவீதம் போதும். 78இல் 3.9 கிலோ, அதாவது 74.1. கெடு 6 மாசம், 26 வாரம். வாரத்துக்கு 150 கிராம்தான் வருகிறது. அதைத் தொட்ட பிறகு ஒரு மாசம் அங்கேயே நின்று, அடுத்த 5 சதவீதம். பத்து சதவீதம் தொட்டவர் 70.2இல் இருப்பார். பிஎம்ஐ அப்போதும் 29தான். ஆனாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் வலி மூன்றிலும் வித்தியாசம் தெரிவது இந்த முதல் ஐந்திலும் பத்திலும்தான். 55க்குப் போக வேண்டுமா என்பதை அங்கே நின்று யோசித்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு 150, 200 கிராம் என்றால் மெஷினில் தெரியவே தெரியாது. கீழே உள்ள எண்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கி ஏழு நாள், கணக்குக்காகப் போட்ட எண்கள், ஆனால் ஆட்டம் நிஜத்தில் இருக்கும் அளவுதான்.

முதல் வாரம்: 78.2, 77.6, 77.9, 78.8, 78.3, 77.7, 77.5.
ஐந்தாம் வாரம்: 77.6, 76.9, 76.8, 77.9, 77.4, 76.7, 76.9.

நாலாவது எண் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி, சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு பிளேட் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், கூடவே மசாலா முட்டை. உப்பும் மாவும் தண்ணியைப் பிடித்து நிறுத்துகின்றன. மறுநாள் ஒரு கிலோ கூட. அது கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி தின்றிருக்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிறு பத்தாது.

இப்போது முதல் வாரத்தின் கடைசி நாளையும் ஐந்தாம் வாரத்துத் திங்களையும் பக்கத்தில் வையுங்கள். 77.5, 77.9. ஒரு மாசம் வாயைக் கட்டி 400 கிராம் ஏறியிருக்கிறது! மெஷின் கட்டிலுக்கடியில் போவது இந்தத் திங்கட்கிழமையில்தான். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். முதல் வாரம் 78.0. ஐந்தாம் வாரம் 77.2. நாலு வாரத்தில் 800 கிராம், வாரத்துக்கு 200. இலக்கைவிட வேகமாகவே போகிறது.

ஆகவே தினம் ஏறலாம், ஆனால் தினம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடையில் கொடுத்த மாசக் காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள் எண்ணை எழுதுங்கள். வியாழன் அன்று போன் கால்குலேட்டரில் சராசரி போட்டு, அதை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். சிவப்பு எண்ணைச் சிவப்பு எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் நாலு வாரத்துக்கு ஒரு தடவை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இது இன்னும் அவசியம். அதற்கு முந்தைய நாட்களில் ஒன்று, ஒன்றரை கிலோ நீர் சேர்ந்து பிறகு இறங்கும். மாதவிடாய் தொடங்கின நாளிலிருந்து எண்ணி, இந்த மாசத்துப் பத்தாம் நாளைப் போன மாசத்துப் பத்தாம் நாளோடு பார்த்தால்தான் நியாயம். தினம் எண் பார்த்தால் மனசு கெட்டுச் சாப்பாட்டையே வெறுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மெஷின் வேண்டாம், இடுப்பு டேப் போதும்.

முதல் வாரத்தில் இரண்டு, மூணு கிலோ இறங்குவதும் இதே தண்ணிக் கணக்குதான். சோறு, மாவுப் பண்டம் குறைந்ததும் ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து தீர்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூணு கிராம் தண்ணி ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து போகிறது. 'பத்து நாளில் நாலு கிலோ' என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் விற்பது இந்தத் தண்ணியைத்தான். பதினோராம் நாள் பழையபடி சாப்பிட்டால் அது வீட்டுக்குத் திரும்ப வந்துவிடும். அதனால் இலக்குக்கான தொடக்க எண்ணை முதல் நாளில் எடுக்காதீர்கள், சாப்பாட்டை மாற்றி இரண்டு வாரம் ஆனபின் வரும் சராசரியை எடுங்கள்.

வாரத்துக்கு 200 கிராம் குறைய நாளுக்கு 220 கலோரி குறைந்தால் போதும். இதற்கு ஓட்ஸ், கீன்வா எதுவும் தேவையில்லை. மூணு வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரையை அரை ஸ்பூன் ஆக்கினால் 90 கலோரி. நாலு பேர் வீட்டில் மாசம் 4 லிட்டர் எண்ணெய் ஓடுகிறதென்றால் 3 லிட்டராக்குங்கள், ஆளுக்கு நாளுக்கு 70 கலோரி குறையும். மதியச் சோற்றில் ஒரு கைப்பிடி, 50 கிராம், குறைத்தால் 65. கூட்டினால் 225. எண்ணெயை மட்டும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ரேஷனில் வாங்குகிற ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அடுத்த முறை கடையில் பாக்கெட்டைக் கையில் தூக்கும்போது, ஒரு மாசத்தில் இவ்வளவு குறைந்தாலே நல்ல வேகம் என்று தெரியும். மாசம் தொடங்கும்போது மூணு பாக்கெட்டையும் தனி டப்பாவில் ஊற்றிவிட்டால் அளவு தானே நிற்கும். தினமும் ஸ்பூன் எண்ணுகிற சமையல் எந்த வீட்டிலும் நிலைக்காது.

225 கலோரியை 26 வாரத்துக்குப் பெருக்கினால் 5 கிலோவுக்கு மேல் வருகிறதே, இலக்கு ஏன் 3.9 மட்டும்? உடம்பு நேர்க்கோட்டில் போகாது. எடை குறையக் குறைய அது செலவழிக்கிற கலோரியும் குறைகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக வைக்கிறது: தினசரி 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதி வர ஒரு வருஷம், ஏறக்குறைய முழுசும் வர மூணு வருஷம். நம் 225க்கு ஒரு வருஷத்தில் நாலரை கிலோ போலத்தான். ஆறு மாசத்தில் 3.9 தொட வேண்டுமென்றால் வாரம் ஐந்து நாள் அரை மணி நேர வேக நடையையும் சேர்க்க வேண்டும். மூணாம் மாசம் எடை மெதுவாவது உங்கள் தோல்வி அல்ல, இந்தக் கணக்கின் இயல்பு. அங்கே பயந்து சோற்றைப் பாதியாக வெட்டுகிறவர்கள்தான் நாலாம் மாசம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

நடைக்கு இடம் ஒரு பிரச்சினைதான். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது, ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா. எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்து தூசி தின்பதைவிட மொட்டை மாடியில் எட்டுப் போடுவது மேல். நடை எவ்வளவு கலோரி எரிக்கும் என்பதை மிகைப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். அரை மணி நடைக்கு 100 முதல் 150 கலோரி, ஒரு பரோட்டாவுக்குச் சுமார் 250.

இலக்கு போடும்போது வருஷத்தைச் சமமாகப் பன்னிரண்டாகப் பிரிக்காதீர்கள். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை இழுக்கிற வேலை நிற்கிறது, தட்டில் சோறு அதே அளவில் நிற்கிறது. அந்த இரண்டு மாசம் 'ஏறாமல் இருப்பதே' இலக்கு. குறைப்பதைக் கடலுக்குப் போகும் மாசங்களுக்கு வைக்கலாம். தீபாவளி வாரம், பொங்கல் வாரம், ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் வாரம் இவற்றுக்கும் அதே. ரம்ஜான் நோன்பில் எடை பார்ப்பவர்கள் விடியும் முன் சாப்பிடுகிற சஹர் முடித்துப் பார்த்தால் ஒரு எண், நோன்பு திறக்கிற இப்தாருக்கு முன் பார்த்தால் வேறு எண். ஒன்றைப் பிடித்துக்கொண்டு முப்பது நாளும் அதையே செய்ய வேண்டும்.

இன்னும் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கிடைக்கிற புளூடூத் மெஷினைப் பற்றி. தட்டில் பளபளவென்று உலோகப் பட்டைகள் இருக்கும். வெறுங்காலோடு நின்றால் உணர முடியாத சின்ன மின்சாரத்தை ஒரு கால் வழியாக அனுப்பி மறு கால் வழியாக வாங்கித் தடையை அளக்கிறது. தண்ணி நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அந்தத் தடையோடு நீங்கள் கொடுத்த உயரம், வயது, பாலினத்தைச் சூத்திரத்தில் போட்டு 'கொழுப்பு 38.4 சதவீதம், உடல் வயது 55' என்று ஆப்பில் கொட்டுகிறது. மின்சாரம் பெரும்பாலும் கால்களுக்குள்ளேயே போய்வருகிறது, தொப்பையை அது நேராகப் பார்ப்பதே இல்லை. தண்ணி குடித்தால், வியர்த்தால், காலில் எண்ணெய் இருந்தால், குதிகால் தோல் தடித்திருந்தால் எண் மாறும். உயரத்தை 5 சென்டிமீட்டர் தப்பாகப் போட்டாலும் மாறும். கிலோ எண் மட்டும் நம்பகமானது. அதற்கு ஆயிரம் ரூபாய் மெஷினே போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வகையில் ஏறவே கூடாது.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் வரும். ஆப் ஆளை எடையை வைத்தே அடையாளம் காண்கிறது. அண்ணி 71, மருமகள் 72 என்றால் ஒருத்தர் எண் இன்னொருத்தர் கணக்கில் போய் விழும். இலக்கு போடும் பக்கமோ இன்னும் மோசம். 'மூணு மாசத்தில் 20 கிலோ' என்று போட்டாலும் பல ஆப்புகள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வாழ்த்துப் படம் காட்டும். உடம்புக்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கிற அதே தொழில்நுட்பம்தான் பூங்கா வாசலில் மேசை போட்டு இலவசமாக 'பாடி செக்கப்' செய்கிற கைப்பிடி மெஷினிலும் இருக்கிறது. உடல் வயதைக் கேட்டு ஆடிப்போய் நிற்கும்போதுதான் ஷேக் பவுடர் டப்பா வெளியே வரும். எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், டப்பாவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் இருபது ரூபாய்க்கு வண்ணாரப்பேட்டை டெய்லரிங் சாமான் கடையில் ஒரு டேப் வாங்குங்கள். துணி டேப் இழுபடும், பைபர் டேப்பாகக் கேளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், தோலை அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். பாவாடை கட்டுகிற இடத்தில் அல்ல. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இதுதான் நம்மவர்களுக்கான வரம்பு. மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

டேப்பை வலியுறுத்தக் காரணம் ராயபுரத்திலேயே இருக்கிறது. இங்குள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையில் அப்போது இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் நின்ற 531 பேரை மூணு வருஷம் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றினவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் எடை ஏறக்குறைய மாறவேயில்லை. மெஷின் அசையாத மாசத்திலும் உள்ளே வேலை நடக்கலாம். ஆகவே காலண்டரில் கிலோவுக்குப் பக்கத்தில் இன்னொரு குறி போடுங்கள்: நடந்த நாளுக்கு ஒரு டிக். இலக்கு 'வாரம் ஐந்து டிக்'. உங்கள் கையில் இருப்பது அதுதான். கிலோ உங்கள் சொல்பேச்சு கேட்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணி இறங்கும் முதல் வாரங்கள் போனபின்பும் சராசரி வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் கொண்டாட வேண்டாம். தசையும் சேர்ந்து கரைகிறது, பித்தப்பைக் கல் வரும் அபாயம் கூடுகிறது, இரண்டு மூணு மாசம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். சோற்றைக் குறைத்த இடத்தில் முட்டை, சுண்டல், நல்ல மீன் வைத்தால் இது பெரும்பாலும் வராது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மருந்து அளவு மாறாவிட்டால் லோ சுகர் ஆகலாம். எதுவும் செய்யாமலே ஆறு மாசத்தில் 5 சதவீதம் குறைந்தால், கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பார்த்துவிடுங்கள். இதய நோயாளிகளுக்கு இரண்டு மூணு நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கினால் அது சாப்பாட்டு எடை அல்ல, உடனே டாக்டர். இந்த இரண்டு எச்சரிக்கைக்காகவே வயசானவர்கள் இருக்கிற வீட்டில் மெஷின் இருப்பது நல்லது. ஆனால் அவர்கள் ஏறும்போது பக்கத்தில் நில்லுங்கள். தட்டின் ஓரத்தில் மிதித்தால் மெஷின் குடை சாயும், ஈரக்கால் கண்ணாடியில் வழுக்கும். 26 சென்டிமீட்டர் தட்டைவிட 30 சென்டிமீட்டர் தட்டுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

வாங்கும்போது: 180 கிலோ வரை தாங்குவது, 100 கிராம் பிரிவு, ஏறினதும் தானே எரிவது. 50 கிராம் பிரிவுக்குக் கூடுதல் காசு தண்டம், அந்த அளவு ஆட்டத்தைத் தண்ணியே ஆடுகிறது. பட்டன் பேட்டரியைவிட ரிமோட்டுக்குப் போடுகிற டிரிபிள் ஏ பேட்டரி உள்ளது மேல், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பாரிமுனைப் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் பிரித்து, ஏறிப் பார்த்து வாங்கலாம். தண்ணி பாட்டிலைக் கையோடு கொண்டு போனால் ஞாபகச் சோதனையைக் கடையிலேயே முடித்துவிடலாம். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம். பில்லில் வாரண்டித் தேதி எழுதி வாங்குங்கள்.

கடலோரத் தெருக்களில் உப்புக் காற்று பேட்டரி ஸ்பிரிங்கைத்தான் முதலில் தின்னும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேட்டரியைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் பழைய டூத்பிரஷால் தேய்த்துவிட்டுப் போடுங்கள். பாத்ரூமுக்குள் வைக்கவே வேண்டாம். 'Lo' என்ற எழுத்து வந்தபின் கிடைக்கிற எண்களைக் காலண்டரில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் காலை 78 இருந்த இடத்தில் 172 வந்தால் பதறவும் வேண்டாம். மெஷினைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கிலோவைப் பவுண்டாக்குகிற பட்டன் ஒன்று இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.